சாயத் தண்ணீர் நின்ற காடு

எங்கள் காடு வீரபாண்டிக்குத் தெற்கே, தார்ச்சாலையிலிருந்து பிரிந்து போகும் ஓர் இட்டேரியின் ஓரத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி நெருங்கி நிற்கும் அந்த மண்பாதையில் ஒரு லாரி நுழைந்துவிட்டால் எதிரே சைக்கிள்கூட வர முடியாது. காடு என்றால் மரங்கள் அடர்ந்த இடமில்லை. மழையை நம்பி விதைக்கிற நிலத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். நாலு ஏக்கர் செம்மண். அப்பாவுக்குப் பிறகு அது என் பெயருக்கு வந்ததே தவிர, அதைப் பார்த்துக்கொண்டவள் என் மனைவிதான். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். காலையில் மேசை முன்னால் போய் நின்றால், ஷிப்மென்ட் நெருங்கும் வாரங்களில் வீடு திரும்ப இருட்டிவிடும். காட்டில் என்ன விதைத்திருக்கிறது என்று என்னைக் கேட்டால், அவளைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அவள் பிறந்தது அமராவதி அணைக்குக் கீழே, கால்வாய்த் தண்ணீர் பாயும் ஊரில். நெல்லும் கரும்பும் பார்த்து வளர்ந்தவள். மாப்பிள்ளைக்குக் காடும் கிணறும் இருக்கின்றன என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். இரண்டும் இருந்தன. ஆனால் அந்த ஆண்டுகளில் எங்கள் கிணற்றில் இறைத்தால், மேலே இருந்த சாயப்பட்டறைகளில் அந்த வாரம் என்ன சாயம் போட்டார்களோ அந்த நிறத்தில் தண்ணீர் வந்தது. தென்னைகள் தலை சாய்ந்து நின்றன. வெயில் ஏறினால் நிலத்தின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அப்பா விதைப்பதையே நிறுத்திவிட்டிருந்தார். கல்யாணமான புதிதில் அவள் கிணற்றிலிருந்து ஒரு குடம் இறைத்தாள். குனிந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குடத்தை அப்படியே கிணற்றோரம் வைத்துவிட்டு வந்தாள். 

பின்னால் பட்டறைகளுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. தண்ணீரைச் சுத்தம் செய்துதான் விட வேண்டும் என்றானது. சில பட்டறைகள் மூடின, சில பட்டறைகள் ஒழுங்குக்கு வந்தன. கிணற்று நீரில் நிறம் மெல்ல மெல்லக் குறைந்தது. அப்போதுதான் அவள் காட்டுக்குள் இறங்கினாள். வரப்புகளை உயர்த்தினாள். பெய்கிற மழை ஓடிவிடாமல் நின்று, உப்பைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும் என்பது அவள் எண்ணம். கோடையில் ஆட்டுக்காரர்களை அழைத்துப் பட்டி போடச் சொன்னாள். ஆடுகள் இரவெல்லாம் அடைந்து கிடந்த இடத்தை மறுநாள் மாற்றி, அடுத்த இடம் என்று காடு முழுக்க எரு விழச் செய்தாள். கொள்ளு விதைத்தாள். சணப்பு விதைத்து, அது பூக்கும்போது மண்ணுக்கே உரமாகட்டும் என்று செடியோடு மடக்கி உழவைத்தாள். இப்படியே பத்து வருடங்களுக்கு மேல் போனது. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள். துப்பிவிட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போவாள்.

மண்ணைப் பற்றி அவள் பேசுவது வீட்டில் உள்ள யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். இன்றைக்கு அசதியாகக் கிடக்கிறது என்பாள். வடக்குப் பக்கம் இன்னும் கோபம் தணியவில்லை என்பாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பேன். எனக்குத் துணி தெரியும். தொட்டுப் பார்த்தாலே அதன் கனம் எத்தனை ஜிஎஸ்எம் என்று சொல்லிவிடுவேன். மண்ணுக்குக் கோபம் வரும் என்பது எனக்குப் புரியாத சங்கதி. ஆனாலும் அவள் அதைச் சொல்லும்போது சிரிக்கத் தோன்றியதில்லை.

ஒரு வருடம், தை பிறந்த சமயம், காட்டிலிருந்து திரும்பியவள் கால் கழுவாமலே வாசலில் நின்றுகொண்டு, “ஏனுங்க, உப்புக் கரிக்கலீங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அடுத்த புரட்டாசியில் நாலு ஏக்கருக்கும் சோளம் விதைத்தோம். கதிர்கள் கனத்துத் தலை தொங்கின. அந்தச் சோளத்தில் களி கிண்டி எனக்குப் போட்ட அன்று, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். நன்றாக இருக்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் தனக்குப் போட்டுக்கொண்டாள்.

டேங்கர் லாரி வந்தது அதற்கு மூன்றாவது வருடம்.

கார்த்திகை மாதம். முந்தின வாரம் முழுக்க நல்ல மழை. சோளம் இடுப்பளவு நின்றது. எங்கள் வீடு ஊருக்குள் இருக்கிறது. காட்டுக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும். விடிந்தும் விடியாமலும் அவள் புறப்பட்டுப் போவது வழக்கம். நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“மம்முட்டி ரெண்டையும் எடுத்துட்டு வாங்க. வெரசா வாங்க.”

குரலில் பதற்றம் இல்லை. அதனாலேயே டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். மொபெட்டில் மண்வெட்டிகளைக் குறுக்கே வைத்துக்கொண்டு போனேன்.

காட்டுக்குள் நுழையும் வேலிக் கடவின் மூங்கில் படல் உடைந்து கிடந்தது. காட்டுக்குள் ஒரு டேங்கர் லாரி, பின்சக்கரம் இரண்டும் அச்சுவரை புதைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் அடிக் குழாயிலிருந்து கறுநீலத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு கொட்டியது. கண்ணை எரிக்கும் நெடி. முந்தின வாரத்து மழையில் தேங்கியிருந்த தண்ணீரோடு அது கலந்து பரவ, சோளப் பயிர் அதற்குள் நின்றது. சரிவு கிழக்கே என்பதால் தண்ணீர் கிழக்கு வரப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

என்ன நடந்தது என்பது பிறகு தெரிந்தது. ஏதோ ஒரு சின்னப் பட்டறையின் கழிவுத் தண்ணீர். இட்டேரியின் கடைசியில் உள்ள பள்ளத்தில் கொட்டிவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். டிரைவருக்கு வழி தெரியவில்லை. பாதை குறுகிக்கொண்டே போனதும் வண்டியைத் திருப்புவதற்காக எங்கள் கடவுக்குள் விட்டிருக்கிறார். மழையில் ஊறிய மண் வண்டியை உள்ளே இழுத்துக்கொண்டது. பாரம் குறைந்தால் ஏறிவிடும் என்று வால்வைத் திறந்துவிட்டிருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த டிரைவர் லாரிக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். வால்வை மூட முயன்றிருக்கிறார். சாய்ந்து நின்றதில் அது சிக்கிக்கொண்டது. என் மனைவி அவரைப் பார்க்கவே இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கிழக்கு வரப்பின் தாழ்வான இடத்தில் கையால் மண்ணை அள்ளி அள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். முழங்கைவரை நீலமாக இருந்தது.

எனக்கு முதலில் தோன்றியது வரப்பை வெட்டிவிட வேண்டும் என்பதுதான். தண்ணீர் வெளியே போனால் பயிரில் பாதியாவது தப்பும். மண்வெட்டியை ஓங்கியும்விட்டேன்.

“வெட்டாதீங்க” என்றாள். “வெட்டுனா கெழக்கால காட்டுக்குப் போயிருமுங்க. அவிங்க கடலை புடுங்கற பருவத்துல இருக்குது. நம்ம காட்டுலயே கட்டி நிறுத்தோணும்.”

நான் மண்வெட்டியைப் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சொன்னதன் பொருள் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மழைத் தண்ணீர் நிற்பதற்காக வருடக்கணக்கில் அவளே உயர்த்திய வரப்பு அது. இப்போது அதை இன்னும் உயர்த்தி, அந்த விஷத்தை எங்கள் நிலமே குடிக்கட்டும் என்கிறாள். நான் மண்ணை வெட்டிப் போட ஆரம்பித்தேன். இரண்டாவது மண்வெட்டியை அவள் எடுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் டிரைவர் லாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தார். “எக்கா, நானும் அள்ளுதேன்” என்றார். தென்மாவட்டத்துப் பேச்சு. அவள் நிமிராமலே, மண் குறைவாக இருந்த இடத்தைக் கையால் காட்டினாள். அவர் அங்கே போய்க் குனிந்தார்.

வெளிச்சம் நன்றாக வந்ததும் சுற்றுக்காட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். லாரியைப் பார்த்ததும் அவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இந்த ஊரில் அதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஒருவர் டிரைவரின் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். இன்னொருவர் சாட்டை எடுக்கப் போனார். என் மனைவி வெட்டுவதை நிறுத்தினாள்.

“அவரும் அள்ளிப் போட்டாத்தானுங்க இன்னும் ரெண்டு மொழம் கட்ட முடியும். அடிக்கறதுன்னா அப்பறம் அடிங்க. இப்ப ஆளுக்கொரு மம்முட்டி எடுத்துட்டு வாங்க.”

சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு ஓடி மண்வெட்டியும் கூடையும் கொண்டுவந்தார்கள். கிழக்குக் காட்டுக்காரர், கடலை விதைத்திருந்தவர், என் பக்கத்தில் நின்று வெட்டினார்.  டேங்கர் வடிந்து முடிந்தபோது தண்ணீர் வரப்பின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. அவருடைய காட்டுக்கு ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. கிளம்பும்போது என் மனைவியின் எதிரில் வந்து நின்று கையைக் கூப்பினார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

போலீஸ் வந்தது. அதிகாரிகள் வந்து தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்துக்கொண்டார்கள். கிரேன் வைத்து லாரியைத் தூக்கினார்கள். டிரைவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏறும் முன் அவர் எங்கள் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்தார், கதவைச் சாத்திவிட்டார்கள்.

அந்தத் தண்ணீர் பல நாள் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியது. ஏறக்குறைய ஒரு ஏக்கர் அதில் ஊறியது. சோளத்தின் தோகைகள் ஓரத்திலிருந்து கருகின. தண்ணீர் வற்றிய அன்று நானும் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். ஈர மண்ணின் மேல் மண்புழுக்கள் செத்துக் கிடந்தன. எங்கள் காட்டில் இவ்வளவு மண்புழு இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் தோளைத் தொட்டபோது, “இதெல்லாம் தானா வந்துதுங்க. நான் வாங்கியாந்து விடல” என்றாள். சற்றுப் பொறுத்துக் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளினாள். நாக்குக்குக் கொண்டுபோகும் முன் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மண்ணைத் தட்டிவிட்டேன். அப்போதுதான் அழுதாள்.

அந்த வாரம் என் கட்டிங் மேசையில் நேவி ப்ளூ துணி வந்திருந்தது. துணியை அடுக்கடுக்காக லே போட்டு, அளவு வரைந்த மார்க்கர் தாளை அதன்மேல் விரித்து, மெஷினை ஓட்டும்போது துணியின் நிறமே என் கண்ணில் நின்றது. நாங்கள் வாங்கும் துணி ஒழுங்காகத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பட்டறையில் சாயம் போட்டது என்று மேனேஜர் சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் எங்கள் வீட்டுச் சோறு பாதி இந்த மேசையிலிருந்து வருகிறது, பாதி அந்தக் காட்டிலிருந்து. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு வாழ எனக்கு வழி தெரியவில்லை. அவளிடம் இதைச் சொன்னேன். துணிமேல் தனக்கு ஒரு கோபமும் இல்லை என்றாள். எங்கள் மகளைப் படிக்கவைத்தது அந்தத் துணிதானே என்றாள்.

அந்தத் தண்ணீரைக் கொட்டிவரச் சொன்ன பட்டறைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவர் பட்டறைக்கு சீல் வைத்திருந்தார்கள். காரை இட்டேரி முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். நான் நினைத்திருந்ததுபோல முரட்டு ஆளில்லை, களைத்த முகம். வரப்பில் நின்று காட்டைப் பார்த்தார். தன் வீட்டாரும் ஒரு காலத்தில் காடு வைத்திருந்தவர்கள்தான் என்றார். நடந்ததற்கு ஈடு கட்டுவதாகச் சொன்னார். பயிருக்கு உண்டானதை அதிகாரிகள் சொல்கிறபடி கொடுத்துவிடுவதாக என்னிடம் சொன்னார். என் மனைவி மண்ணைப் பற்றிக் கேட்டாள்.

“கெட்டுப்போன மேல்மண்ண நீங்கதானுங்க எடுத்துட்டுப் போகோணும்” என்றாள். “இங்கயே கெடந்தா ஒவ்வொரு மழைக்கும் கீழ எறங்கும்.”

“எடுத்தர்றனுங்கம்மா. ஒரு அடி, ஒன்றரை அடி, எவ்வளவு சொல்றீங்களோ எடுத்துட்டு, புது மண்ணு அடிச்சுக் குடுத்தர்றன். நல்ல செம்மண்ணா பாத்துக் கொண்டாந்து நெரவித் தர்றனுங்க.”

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“புது மண்ணு எங்கிருந்துங்க வரும்? இன்னொருத்தர் காட்டத் தோண்டித்தான கொண்டாருவீங்க?”

அவர் கையிலிருந்த கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“வேண்டாமுங்க. கெட்டத மட்டும் எடுங்க. எடுத்த மண்ண யாரு காட்டுலயும் போட்றாதீங்க. அது போதுமுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பள்ளமாகப் போய்விடுமே, அடி மண்ணில் என்ன முளைக்கும் என்ற கவலை எனக்கும் இருந்தது. ஆனால் அந்த நிலத்தைப் பற்றி முடிவு செய்ய வேண்டியவள் அவள்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவள் சொன்னபடியே செய்துவிடுங்கள் என்றேன். பட்டறைக் கழிவைச் சேர்த்து வைக்கும் பாதுகாப்பான கிடங்குக்கு மண்ணை அனுப்புவதாக அதிகாரிகள் முன்னால் எழுதிக் கொடுத்தார். அப்படியே செய்யவும் செய்தார்.

மண் அள்ளிய அன்று ஜேசிபி காலையிலேயே வந்துவிட்டது. கருகிய பயிரோடு சேர்த்து மண்ணை வாரி வாரி டிப்பரில் கொட்டியது. அவள் வேப்பமரத்தடியில் நின்றாள். ஒவ்வொரு டிப்பரும் கடவைத் தாண்டும்போது அவள் உதடுகள் மெல்ல அசைந்ததைப் பார்த்தேன். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. எவ்வளவு ஆட்டுப்பட்டி, எத்தனை சணப்பு, எத்தனை மழை அந்த மண்ணுக்குள் இருந்தது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கடைசி வண்டி போனபோது வெயில் சாய்ந்திருந்தது. நடுக்காட்டில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பெரிய பள்ளம். அடியில் வெளுத்த மண்ணும் சுண்ணாம்புச் சுக்காங்கல்லும் தெரிந்தன.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே புறக்கடைக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். சாவுக்குப் போய் வந்தால் அப்படித்தான் செய்வோம். ஈரப் புடவையோடு உள்ளே வந்து விளக்கை மட்டும் ஏற்றினாள். அடுப்புப் பற்றவைக்கவில்லை. நானும் குளித்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் விஷயம் தெரிந்திருக்கும்போல. ஒரு தூக்குப் போசியில் சாதமும் ரசமும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு புரோக்கர்கள் வர ஆரம்பித்தார்கள். இனி இந்தக் காட்டில் வெள்ளாமை ஆகாது, சைட் பிரித்துவிடலாம், கம்பெனிக்கு குடோன் கட்டிவிடலாம் என்றார்கள். சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகளும் போனில், அம்மா இதற்கு மேலும் அங்கே கஷ்டப்பட வேண்டுமா என்று கேட்டாள். அவள் அம்மாமேல் உள்ள அக்கறையில்தான் கேட்டாள். என் மனைவி மகளிடம் கோபப்படவில்லை. “நோவு வந்தவங்கள வித்துட்டா வந்தர முடியும், கண்ணு?” என்று மட்டும் கேட்டாள். மகள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பள்ளத்தை மீட்கும் வேலை மெதுவாகத்தான் நடந்தது. பட்டி போட ஆட்டுக்காரர்களைக் கேட்டோம். வழக்கமாக வருகிறவர்கள் தயங்கினார்கள். குட்டிகள் மண்ணை நக்கிவிட்டால் என்ன ஆவது என்றார்கள். அவர்கள் பயத்தில் தவறில்லை. அதனால் அவள் எங்கள் எருமையின் சாணத்தையும், அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கிய எருவையும் கூடையில் சுமந்தாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சுக்காங்கல் பொறுக்கினேன். கட்டிங் மேசை முன்னால் நின்றே பழகிய இடுப்பு முதல் வாரமே பிடித்துக்கொண்டது. அவள் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடவுக்கு வெளியே ஒருவர் நிற்பதைப் பார்த்தேன். அந்த டிரைவர். உள்ளே வராமல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். ஜாமீனில் வந்த பிறகு லாரி ஓட்டுவதை விட்டுவிட்டதாகவும், இப்போது கம்பெனி வேனில் ஆட்களை ஏற்றி இறக்குவதாகவும் சொன்னார். என் மனைவி அவரை உள்ளே வரச் சொன்னாள். வந்தார். பள்ளத்தைப் பார்த்ததும் அதன் விளிம்பிலேயே குந்திவிட்டார்.

“எக்கா, எங்க ஊர்லயும் காடு கெடக்கு. கரிசல். மழை ஏமாத்தி ஏமாத்தி, எங்கய்யா வெதைக்கத விட்டுட்டாரு. சீமைக் கருவேல் மொளச்சு மூடிட்டு. நான் இங்கன வந்துட்டேன்” என்றார். பிறகு, “அன்னிக்கு வால்வத் தெறக்கும்போது இது ஒருத்தரு காடுன்னு தெரியாமத் தெறக்கலக்கா. தெரிஞ்சுதான் தெறந்தேன்” என்றார்.

அவள் எருக் கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். தெரியாமல் செய்தேன் என்று அவர் சொல்லியிருந்தால் ஒருவேளை அவள் மன்னித்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது. “கல்லுப் பொறுக்கறீங்களா?” என்று கேட்டாள். அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். பொழுது சாயும்வரை மூன்று பேரும் பொறுக்கினோம். அவள் கொண்டுவந்திருந்த கம்மஞ்சோற்றை மோரூற்றி மூன்று பங்காக்கினாள். சாப்பிடும்போது அவருடைய கரிசல் காட்டைப் பற்றித்தான் நிறையக் கேட்டாள். எவ்வளவு ஆழம், மழை பெய்தால் எத்தனை நாள் ஈரம் நிற்கும், முன்பெல்லாம் என்ன விதைத்தார்கள் என்று. அவருக்குச் சிலதுக்குப் பதில் தெரிந்தது. சிலதை அய்யாவிடம்தான் கேட்க வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகும் சில தடவை வந்தார். ஒரு பங்குனியில், ஊருக்குப் போய்க் கருவேலை வெட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். காட்டில் ஒரு பாதியைத்தான் சுத்தம் செய்ய முடிந்ததாம். மீதி வேர் ஆழமாக ஓடியிருக்கிறதாம். திரும்பி வந்து இன்னும் வேன்தான் ஓட்டுகிறார். அவருடைய அய்யா அந்தப் பாதியில் உளுந்து விதைத்திருப்பதாகப் போனில் என் மனைவியிடம் சொன்னார்.

எங்கள் பள்ளத்தில் முதல் வருடம் கோரை மட்டும் வந்தது. இரண்டாம் வருடம் கொள்ளு விதைத்தோம். ஓரங்களில் பிடித்தது, நடுவில் முளைத்து மஞ்சளித்துச் செத்தது. அந்தக் கொள்ளுப் பயறை நாங்கள் வேகவைக்கவும் இல்லை, எருமைக்கும் வைக்கவில்லை. காட்டிலேயே மடக்கிவிட்டாள். நல்லபடியாக இருந்த மூன்று ஏக்கரில் சோளம் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. ஆனால் காட்டுக்குப் போனால் அவள் கால் முதலில் பள்ளத்துக்குத்தான் போகும். மழை பெய்தால் சரிவிலிருந்து கொஞ்சம் வண்டல் வந்து அதில் படியும். அதைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். நாக்கில் வைப்பதில்லை என்று என்னிடம் சத்தியம் செய்திருக்கிறாள்.

இந்த வருடம் சணப்பு விதைத்தோம். பள்ளத்தில் பெரும்பகுதி இடுப்புயரம் வளர்ந்து மஞ்சளாகப் பூத்தது. லாரி நின்ற இடத்திலும், அதையடுத்த தாழ்விலும் மட்டும் அங்கங்கே சொட்டை விழுந்தாற்போல ஒன்றுமே முளைக்கவில்லை. பூ நிறைந்த சமயத்தில் மடக்கி உழ டிராக்டர் வரச் சொன்னோம். நானும் அன்றைக்கு கம்பெனிக்குப் போகவில்லை. டிராக்டர்காரர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, சொட்டை விழுந்த இடங்களை விட்டுச் சுற்றிக்கொண்டு போனார். அவள் வரப்பிலிருந்து கையை நீட்டி நிறுத்தினாள்.

அங்கே மடக்குவதற்கு ஒரு செடிகூட இல்லையே, டீசல்தான் வீணாகும் என்றார் அவர்.

“இருக்கட்டுமுங்க. அதையும் சேத்து ஓட்டுங்க” என்றாள். “அதுவும் காடுதானுங்க.”

அவர் வண்டியைப் பின்னால் எடுத்து, கலப்பையை இறக்கி, அந்த வெறும் மண்ணின் மேலும் ஓட்டினார். கலப்பைக்கு இரண்டு பக்கமும் இருந்த சணப்பில் கொஞ்சம், பூவோடு அந்த மண்ணுக்குள் போய் விழுந்தது.